வேண்டினோர் ஏடுகள்: மாற்றுத்திறனாளிகளின் கல்வியுரிமை வரலாறும் மின்படியாக்கமும்

1. முன்னுரை

ஓர் உரிமையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இருவகைச் சான்றுகளை நாடுதல் வேண்டும். ஒன்று, அவ்வுரிமையை வழங்கினோர் விட்டுச் சென்ற சான்று. மற்றொன்று, அதனை வேண்டினோர் விட்டுச் சென்ற சான்று. சட்டம், அரசாணை, ஆண்டறிக்கை, மானியக் கணக்கு என்பன முன்னதன்பாற் படும். விண்ணப்பம், முறையீடு, சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, துண்டறிக்கை, மடல், நினைவுரை என்பன பின்னதன்பாற் படும். முன்னவை அச்சேறிப் பல படிகளாக நூலகங்களில் நிலவுகின்றன. பின்னவை பெரும்பாலும் ஒற்றைப் படியாக வீட்டுப் பெட்டியிலும் சங்கத்துப் பரணிலும் கிடந்து அழிகின்றன.

மாற்றுத்திறனாளிகள் கல்வியில் உரிமை பெற்ற வரலாறு இவ்வேற்றுமையால் பெரிதும் குறைபட்டு நிற்பது. சட்டம் எந்த ஆண்டில் வந்தது என்பதை எளிதிற் கூறிவிடலாம். அச்சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் ஒரு சிற்றூர் மாணாக்கன் பள்ளியின் வாயிலை எங்ஙனம் கடந்தான் என்பதைக் கூறுதற்குச் சான்று தேட வேண்டியுள்ளது. அச்சான்றுகளை மின்படியாக்கிக் காத்தல் எவ்வாறு, அதனில் முதலிடம் எதற்குத் தருதல் தகும் என்பவற்றை விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படியெடுத்தலும் தமிழ் மரபும்

மின்படி என்றவுடன் அது முற்றிலும் புதியதொரு தொழில் என்று கருதுதல் பொருந்தாது. படியெடுத்துக் காத்தல் தமிழர்க்குப் பழைய வழக்கமே. ஓலை முதுமையுற்றுச் சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வந்தமையாலேயே பண்டை இலக்கியம் நமக்கு எட்டியது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்த பகுதி என்பர். அவ்வூரின் பழம்பெருமையை நாம் அறிவது, ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்ந்து வந்த அந்நூலை 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுப் பதிப்பில் அச்சேற்றிய பின்னரேயாகும். படியெடுப்போர் ஒரு தலைமுறை சோம்பியிருப்பினும் அப்பெயர் நமக்குக் கிட்டியிராது.

கல்லிலும் இதனையே காண்கின்றோம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அங்கிருந்த வேதக் கல்லூரியில் 340 மாணாக்கர் பயின்றனர் என்பதும், அவருள் 270 பேர் இளைய நிலையினர், 70 பேர் மூத்த நிலையினர் என்பதும், அவர்கட்கும் ஆசிரியர்கட்கும் அளந்த நெல் எவ்வளவு என்பதும் அதனாற் புலனாகின்றன. கல்வெட்டுத் துறையினர் 1917-இல் அதனை மைப்படி எடுத்தனர். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி மை பூசும்போது, குழிந்த எழுத்து வெண்மையாகவும் கல்லின் பரப்புக் கருமையாகவும் தாளிற் பதிகின்றன. அன்றுமுதல் கல்லைக் காணாத அறிஞரும் அக்கல்வெட்டைப் படிக்கலாயினர்.

இக்கல்வெட்டு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. படி ஒன்று இருப்பின் மூலத்தை அடைய இயலாதாரும் அதனை ஆராயலாம் என்பது ஒன்று. ஆவணம் எழுதியவர் எண்ணத் தகுந்தவர் என்று கருதியோரை மட்டுமே அது எண்ணும் என்பது மற்றொன்று. எண்ணாயிரத்தில் எத்துணைப் பேர் கற்றனர் என்பது தெரிகின்றது. எவரெவர் கற்க இயலாது புறத்தே நின்றனர் என்பதற்கு அக்கல்லில் இடமில்லை. இவ்விரண்டாம் உண்மை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது.

3. அருள்நிலையும் உரிமைநிலையும்

உடற்குறையுடையோர் கல்வி பெற்றமைக்குத் தமிழிலக்கிய வரலாற்றிற் சான்றுகள் இல்லாமல் இல்லை. ஒருவர் முடவரும் ஒருவர் பார்வையற்றவருமாக இணைந்து பாடிய இரட்டையரையும், அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும், இளமையிற் கண்ணிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரையும் அறியாதார் இலர். வீரராகவ முதலியார்க்கு முதுகில் எழுத்தை எழுதிக் கற்பித்தனர் என்று கூறும் வழக்கும் உண்டு. அவ்வழக்கு உண்மையாயினும் புனைவாயினும், தொடுவுணர்வாற் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் பிரெய்ல் எழுத்து இங்கு வருமுன்னரே நம்மவரிடம் இருந்தமைக்கு அது கரியாகும். எனினும் இப்புலவர்கள் கற்றது பெற்றோரின் ஆர்வத்தாலும் புரவலரின் ஈகையாலும் ஆகும். கற்பிக்காவிடின் கேட்பதற்கு அவர்கட்கு வழியில்லை. இதனை அருள்நிலை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பள்ளிகள் தோன்றின. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். பூந்தமல்லியில் அரசினர் பார்வையற்றோர் பள்ளி 1931-இல் நிறுவப்பெற்றது. இவை நிலையான அமைப்புகளாயினும் எண்ணிக்கையிற் சில. தென்னார்க்காட்டுச் சிற்றூரிற் பிறந்த குழந்தை அங்குச் செல்வதற்கு வீட்டைவிட்டு நெடுந்தொலைவு பெயர்தல் வேண்டும். ஆதலின் பள்ளி தோன்றியது கொண்டே உரிமை தோன்றியது என்று கூறுதல் சாலாது.

உரிமைநிலை பின்னரே படிப்படியாக அமைந்தது. 1944-இல் வெளிவந்த சார்ஜென்ட் அறிக்கை இவர்தம் கல்வியைப் பொதுக்கல்வித் திட்டத்தின் பகுதியாகக் கருதுமாறு கூறிற்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, இயன்றவரை பொதுப்பள்ளியிலேயே சேர்த்துக் கற்பித்தலை வற்புறுத்தியது. 1974-இல் நடுவணரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழுவகைக் குறைகளை வகுத்து, 18 வயது வரை இலவசக் கல்வியையும், அரசின் கல்வி நிலையங்களில் நூற்றுக்கு மூன்று இடங்களையும் உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேழினை இருபத்தொன்றாக்கி, உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது.

இவ்வாண்டு வரிசை வழங்கினோர் ஆவணங்களால் அமைந்தது. ஒவ்வோர் ஆண்டிற்கும் அடுத்த ஆண்டிற்கும் இடையே யார் யார் கேட்டனர், எதனைக் கேட்டனர், எத்தனை முறை மறுக்கப்பட்டனர் என்பன இவ்வரிசையில் இல்லை. உரிமையின் வரலாறு அவ்விடைவெளியிலேதான் உள்ளது.

4. ஆவணங்களின் வகையும் இருப்பிடமும்

நம் வட்டாரத்திற்குரிய ஆவணங்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, அரசின் ஆவணங்கள். 1872 முதல் 1931 வரை எடுக்கப்பெற்ற குடிக்கணக்குகளில் பார்வையற்றோர், காது கேளாத வாய்பேசாதோர், மனநோயுற்றோர், தொழுநோயர் என்னும் பிரிவுகளில் எண்ணிக்கை தரப்பட்டது. 1941-இல் இவ்வழக்கம் நின்றது. பின்னர் 1981-இல் ஒருமுறையும் 2001 முதல் மீண்டும் இவ்வினா இடம்பெற்றது. விழுப்புரமும் திண்டிவனமும் அக்காலத்தில் தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வட்டங்கள். ஆதலின் தென்னார்க்காட்டு அட்டவணைகளையே நாம் நோக்குதல் வேண்டும். கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காட்டுக் கையேடும், பிரான்சிஸ் 1906-இல் எழுதிய மாவட்ட விவரச்சுவடியும் அம்மாவட்டத்தின் அக்கால நிலைமையை அறியத் துணையாவன. மாநில அளவிலான பழைய கோப்புகள், 1909 முதல் சென்னை எழும்பூரில் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இரண்டாவது, பள்ளி ஆவணங்கள். இவற்றுள் சேர்க்கைப் பதிவேடு தலையாயது, நிலையாகக் காக்கத்தக்கது. ஒரு குழந்தை எந்த வயதிற் சேர்ந்தது, எந்த வகுப்பில் நின்றது என்பன அதனால் அறியப்படும். ஆயின் சேர்க்கப்படாத குழந்தையின் பெயர் அதில் இராது. இம்மௌனமும் ஒருவகைச் சான்றே. ஓர் ஊரின் குடிக்கணக்கையும் அவ்வூர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு அம்மௌனத்தின் அளவு ஒருவாறு புலப்படும்.

மூன்றாவது, வேண்டினோர் ஆவணங்கள். தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ளவும் கூடுதல் நேரம் பெறவும் விடுத்த விண்ணப்பங்கள், உதவித்தொகைக்கும் வாசிப்பாளர் தொகைக்கும் எழுதிய மடல்கள், பேருந்துச் சலுகைச் சீட்டுகள், பழைய அடையாள அட்டைப் புத்தகங்கள், மாவட்ட ஆட்சியரிடம் அளித்த மனுக்களும் அவற்றுக்குப் பெற்ற ஒப்புகைச் சீட்டுகளும், சங்கங்களின் வரவுசெலவேடுகள், மாநாட்டு அழைப்பிதழ்கள், போராட்டத் துண்டறிக்கைகள் ஆகியன இவ்வகையின.

நான்காவது, தாளில் அமையாத ஆவணங்கள். பாடநூல்களைப் பிறர் படிக்கக் கேட்டுப் பதிந்த ஒலிநாடாக்களும், பிரெய்ல் ஏடுகளும், முதியோரின் நினைவுரைகளும், செவித்திறன் குறைந்தோர் சைகையாற் கூறும் வரலாறுகளும் இதன்பாற் படும்.

இந்நான்கனுள் முதலிரண்டும் ஓரளவு காவலுடையன. பின்னிரண்டும் காவலற்றன.

5. அழிவின் காரணங்கள்

கறையானும் இராமபாணப் பூச்சியும் ஏட்டிற்குப் பகை என்பதை யாவரும் அறிவர். அவற்றினும் வலிய காரணங்கள் மூன்று உண்டு.

முதற்காரணம் அலுவலக நெறியே ஆகும். தமிழக அரசு அலுவலகங்களில் முடிவுற்ற கோப்புகள் காக்கவேண்டிய கால அளவுக்கேற்பப் பகுக்கப்படுகின்றன. நிரந்தர முடிவு என்று குறிக்கப்பெற்றன நிலையாக இருக்கும். பத்தாண்டு முடிவு, மூவாண்டு முடிவு, ஓராண்டு முடிவு எனக் குறிக்கப்பெற்றன அவ்வக்காலம் கழிந்தபின் அழிக்கப்படும். ஒரு திட்டத்தை நிறுவும் ஆணை நிலையான கோப்பாகும். தனியொருவர் விடுத்த விண்ணப்பமோ பெரும்பாலும் குறுகிய காலக் கோப்பிலேயே சேரும். இந்நெறி அலுவலகத்திற்கு இன்றியமையாதது. எல்லாத் தாளையும் வைத்திருக்க எவராலும் இயலாது. எனினும் அதன் விளைவு, வழங்கியமை நிலைத்து வேண்டியமை மறைதலே ஆகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1990ஆம் ஆண்டளவில் திண்டிவனம் வட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்த பார்வையற்ற மாணாக்கர் ஒருவர், பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை வேண்டி விண்ணப்பித்தார் என்று கொள்வோம். அவ்விண்ணப்பம் பள்ளியிற் பதிவாகிக் கல்வி அலுவலகம் சென்று, இசைவாணையாகத் திரும்பும். தேர்வு முடிந்தவுடன் அதன் பயன் முடிந்தது. சில ஆண்டுகளில் அலுவலகக் கோப்பு அழியும். பள்ளியின் கடிதக் கட்டும் பழந்தாளாக விலைபோகும். மாணாக்கரின் வீட்டில் வைக்கப்பெற்ற இசைவாணைப் படி ஒன்றே எஞ்சும். அவ்வீட்டுப் பெட்டியைத் திறவாத ஆராய்ச்சியாளர், அக்காலத்தே இவ்வட்டாரத்தில் இத்தகைய கோரிக்கையே எழவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடும்.

இரண்டாம் காரணம் எல்லை மாற்றம். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் மாவட்டத் தலைநகர் கடலூராகும். 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே ஒரே ஊரைப் பற்றிய தொடர்ச்சியான செய்தியை அறிய விழைவார் கடலூரிலும் விழுப்புரத்திலும், ஒரோவழி கள்ளக்குறிச்சியிலும் தேடல் வேண்டும். ஒவ்வொரு பிரிவினையின்போதும் ஏடுகள் கட்டப்பெற்று, ஏற்றப்பெற்று, இறக்கப்பெறுகின்றன. அங்ஙனம் பெயர்க்குங்கால் வரிசை குலைதல் இயல்பு.

மூன்றாம் காரணம் வெள்ளம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இக்கடற்கரையைத் தாக்கியது. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தொடர்ந்து தென்பெண்ணையும் பெருக்கெடுத்தது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் நீர் புகுந்தது. ஒற்றைப் படியாக உள்ள ஏட்டிற்கு இத்தகைய ஓரிரவே போதும். நனைந்த தாளை உலர்த்தி மீட்கலாம். நனைந்த பிரெய்ல் ஏட்டில் புள்ளிகள் தளர்ந்து அமிழ்ந்துவிடின் மீட்டல் அரிது.

6. மின்படியாக்கும் முறை

தாள் ஆவணம்: ஸ்கேனர் எனப்படும் வருடியாலோ மேலிருந்து நோக்கும் படக்கருவியாலோ படமெடுத்தல் வேண்டும். ஓர் அங்குலத்திற்கு 300 முதல் 400 புள்ளிகள் வரை அமைந்த வண்ணப்படம், சுருக்கமின்றி டிஃப் வடிவில் மூலப்படியாக வைக்கத்தக்கது. வழங்குவதற்கு அதினின்றும் சிறுபடி ஆக்கிக்கொள்ளலாம். கருப்பு வெள்ளைப் படம் போதும் என்பார் உளர். மனுவின் ஓரத்தில் அலுவலர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பும் முத்திரையின் நிறமும் சான்றாதலின் வண்ணப்படமே வேண்டும். தாளின் பின்புறத்தையும் விடலாகாது. பெற்றுக்கொண்ட நாளும் கைமாறிய அலுவலகத்தின் பெயரும் பெரும்பாலும் ஆண்டே உள்ளன.

பிரெய்ல் ஏடு: இது தனிக் கவனத்திற்குரியது. பிரெய்ல் எழுத்து மையால் அமைவதன்று. தாளின் புடைப்பால் அமைவது. நேரே ஒளி பாய்ச்சிப் படமெடுப்பின் வெண்டாளே தெரியும். பக்கவாட்டிற் சாய்ந்த ஒளியில், புள்ளி ஒவ்வொன்றும் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் பெற்று விளங்கும். தேய்ந்த கல்வெட்டைச் சாய்ந்த வெயிலிற் படிக்கும் முறையும் இதுவே. இருபுறமும் புள்ளியிட்ட ஏடாயின் மேடும் குழியும் கலந்து தோன்றுமாதலின், ஒளியின் திசையைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

படமெடுத்தபின் அதனைத் தமிழெழுத்தாகப் பெயர்த்தல் அடுத்த பணி. இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951-இல் ஏற்கப்பெற்றது. அதற்குமுன் பல முறைகள் வழங்கின. நோல்ஸ், கார்த்வைட் ஆகியோர் 1902-இல் வெளியிட்ட முறை அவற்றுள் ஒன்று. ஆகவே பழைய ஏடொன்று கிடைப்பின் அது எம்முறையில் அமைந்தது என்று முதற்கண் துணிதல் வேண்டும். வட்டெழுத்துச் சாசனத்தைத் தமிழெழுத்தென மயங்கிப் படிப்பார்க்கு நேரும் இடர் இங்கும் நேரும்.

பாரதி முறையிலும் அச்சுத் தமிழுக்கும் பிரெய்ல் தமிழுக்கும் எழுத்துவரிசையில் வேற்றுமை உண்டு. அச்சில் மெய்யெழுத்தின் தலைமேல் இடும் புள்ளி, பிரெய்லில் நான்காம் புள்ளியாக மெய்யின் முன்னே நிற்கும். அச்சில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருமருங்கும் நிற்கும். பிரெய்லில் ககரத்தை அடுத்து ஒகரம் நிற்கும். மெய் முன்னரும் உயிர் பின்னருமாக ஒலிக்கும் முறையிலேயே எழுத்தும் அமைதலின், பிரெய்ல் தமிழ் ஒலிநூல் முறைக்கு நெருங்கியது எனலாம். கணினிவழிப் பெயர்ப்போர் இவ்வரிசை மாற்றத்தை அறியாராயின் சொற்கள் சிதையும். ஒருங்குறி அட்டவணையில் 1999 முதல் பிரெய்ல் வடிவங்கட்கும் இடம் தரப்பட்டுள்ளது. ஆதலின் மூல ஏட்டிலுள்ள புள்ளி வடிவத்தை ஒரு கோப்பாகவும், தமிழெழுத்துப் பெயர்ப்பை மற்றொரு கோப்பாகவும் வைத்தல் சிறப்பு. ஓலைச்சுவடிப் பாடத்தையும் பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தையும் வேறுபடுத்திக் காட்டும் பதிப்பு நெறி இதனுள்ளும் பொருந்தும்.

ஒலிநாடா: காந்தப் பூச்சு உதிர்ந்தும் பூஞ்சை படர்ந்தும் நாடாக்கள் கெடுகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. நொடிக்கு 48,000 அல்லது 96,000 மாதிரிகளும் 24 பிட் ஆழமும் கொண்டதாக ஒலிக்கோப்பை அமைத்தல் வேண்டும். பாடம் படிப்பார் இடையே நிறுத்திப் பேசும் சொற்களையும் வெட்டுதல் கூடாது. எந்தப் பாடம் எவ்வளவு விரைவாகப் படிக்கப்பட்டது, எவ்விடத்தில் மீண்டும் படிக்குமாறு மாணாக்கர் கேட்டனர் என்பன கற்ற முறையின் வரலாறாகும்.

சைகை மொழி: 1880-இல் மிலான் நகரிற் கூடிய மாநாடு, செவித்திறன் குறைந்தோர்க்கு வாய்ப்பேச்சு வழியே கற்பித்தலே தக்கதெனத் தீர்மானித்தது. அதன் விளைவாக உலகின் பல பள்ளிகளிற் சைகை தாழ்த்தப்பட்டது. அங்ஙனம் தாழ்த்தப்பட்ட மொழியில் ஒருவர் தம் பள்ளி நினைவைக் கூறும்போது, அதனை எழுத்துத் தமிழாக மட்டும் பதிதல் மீண்டும் அதே பிழையைச் செய்தலாகும். கைகளும் முகமும் முழுதும் தோன்றும் நிகழ்படமே மூலம்; தமிழெழுத்துப் பெயர்ப்பு அதன் உரை.

கணினிக் கோப்பு: கணினியிற் பிறந்த ஆவணமும் அழிவிற்குத் தப்பியதன்று. 1990-களிலும் அதற்குப் பின்னும் சங்கங்களின் மனுக்கள் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபின் இவ்விடர் குறைந்தது. பழைய நெகிழ்வட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் தாளைப் படமெடுத்தலைப் போன்றே விரைந்து செய்தற்குரியது.

இங்ஙனம் ஆக்கிய கோப்புகளை மூன்று படிகளாக, இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்குமாறு வைத்தல் வேண்டும். மூன்று படிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பின் ஒரு வெள்ளம் மூன்றனையும் கொள்ளும்.

7. பெயரிட்டு வகைப்படுத்தல்

ஆவணத்தைத் தேடுவார் சொல்லைக் கொண்டே தேடுவர். இப்பொருள்பற்றிய சொற்களோ காலந்தோறும் மாறின. குருடர், செவிடர், ஊமை, முடவர் என்பன பழைய ஏடுகளிற் காணப்படுவன. அங்கவீனர், ஊனமுற்றோர், உடல் ஊனமுற்றோர் என்பன பின்வந்தன. ஐக்கிய நாடுகள் அவை 1981-ஐ இவர்க்குரிய ஆண்டாக அறிவித்த காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்பதே பெருவழக்கு. 2010-இல் தமிழக அரசின் துறை ‘மாற்றுத்திறனாளிகள் நலத்துறை’ என்னும் பெயர் பெற்றது.

இன்று இழிவெனக் கருதப்படும் சொற்களை மின்படியின் பெயரீட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்னும் வினா எழும். நீக்குதல் தகாது என்பதே நம் கருத்து. ஏட்டின் தலைப்பு அவ்வேட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். அச்சொல்லை மாற்றுமாறு கேட்டுப் போராடியமையும் உரிமை வரலாற்றின் பகுதியன்றோ? ஆயினும் ஏட்டின் தலைப்பு வேறு; பட்டியல் செய்வோர் தரும் பொருட்குறிப்பு வேறு. பின்னதில் இக்காலச் சொல்லையே ஆளுதல் வேண்டும். இரண்டையும் இணைத்து வைப்பின், ‘மாற்றுத்திறனாளி’ என்று தேடுவார்க்கு 1931ஆம் ஆண்டு அட்டவணையும் கிட்டும். பழஞ்சொல் பழஞ்சொல்லாகவே விளங்கும்.

இடப்பெயரிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். ‘தென்னார்க்காடு மாவட்டம், திண்டிவனம் வட்டம்’ என்று ஏட்டில் இருப்பின் அதனை அவ்வாறே எழுதி, இன்றைய மாவட்டத்தையும் உடன் குறித்தல் நன்று.

8. படிப்போர் உரிமையும் மறைகாத்தலும்

மின்படியாக்கத்தில் நேரும் பெருங்குறை ஒன்றை ஈண்டுச் சுட்டுதல் கடமையாகும். ஏட்டைப் படமெடுத்து அப்படத்தை மட்டும் வெளியிடுவோர் பலர். படத்தைத் திரைபடிப்பான் படிக்கமாட்டாது. பார்வையற்றார்க்கு அது வெற்றுத்தாளே. பார்வையற்றோர் கல்வியுரிமைக்குப் போராடிய வரலாற்றைப் பார்வையற்றோர் படிக்க இயலாத வடிவில் வெளியிடுதல், முன்பு பள்ளி வாயிலில் நிகழ்ந்ததை நூலக வாயிலில் மீண்டும் நிகழ்த்துவதாகும்.

ஆகவே படத்துடன் ஒருங்குறி எழுத்துப் பாடமும் இருத்தல் இன்றியமையாதது. அச்சுத் தமிழைக் கணினியின் எழுத்துணரி ஓரளவு திருத்தமாகப் படிக்கும். கையெழுத்தை அங்ஙனம் படிக்காது. மனுக்கள் பெரும்பாலும் கையெழுத்தாதலின் மக்களே தட்டெழுதல் வேண்டும். இருவர் தனித்தனியே எழுதி ஒப்புநோக்கின் பிழை பெரிதும் குறையும். நிழற்படங்கட்குச் சொல்விளக்கமும், ஒலிக்கு எழுத்துப் பாடமும் தருதல் வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. அச்செழுத்தைப் படிக்க இயலாதார்க்கென 2013-இல் அமைந்த மராக்கேசு உடன்படிக்கையை உலகில் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே, ஆண்டு 2014. பிறநாட்டு முன்மாதிரியும் உண்டு. எலன் கெல்லரின் மடல்களும் படங்களும் அடங்கிய தொகுதியை அமெரிக்கப் பார்வையற்றோர் அறநிலையம் மின்படியாக்கிப் பார்வையற்றாரும் செவித்திறன் குறைந்தாரும் பயன்கொள்ளுமாறு அமைத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி நூலகம், உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டாரின் நினைவுரைகளை அவர்தம் வாய்மொழியாகவே பதிந்து காத்தது.

வெளியிடுதல் போன்றே வெளியிடாமையும் சிந்திக்கத்தக்கது. ஒரு விண்ணப்பத்துடன் மருத்துவச் சான்றும், குடும்பத்தின் வறுமை பற்றிய குறிப்பும், முகவரியும் இணைந்திருக்கும். அவர் அதனை அலுவலரிடம் கொடுத்தாரேயன்றி உலகிற்குக் கொடுத்தாரல்லர். ஆதலின் காத்தல் வேறு, திறத்தல் வேறு என்று கொள்ளுதல் வேண்டும். ஏடு முழுவதும் படமெடுத்துக் காக்கப்படலாம். வெளியீட்டுப் படியில் பெயரும் நோய்க்குறிப்பும் மறைக்கப்படலாம். உரியவர் இசைந்தால் மட்டுமே முழுப்படி திறக்கப்படலாம். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனியாள் தரவுக் காப்புச் சட்டமும் இசைவின் இன்றியமையாமையை வலியுறுத்துவது. அவ்விசைவைப் பெறும் தாளும் அவர் படிக்கத்தக்க வடிவில் இருத்தல் வேண்டும் என்பது கூறாமலே விளங்கும்.

9. தமிழ்த்துறைகளின் பங்கு

இப்பணி ஆவணக் காப்பகத்திற்கு மட்டும் உரியதன்று. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. தமிழகக் கலைக் கல்லூரிகளில் தமிழிலக்கியம் பயிலும் பார்வைத்திறன் குறைந்த மாணாக்கர் பலர். பிரெய்ல் ஏட்டைத் தொட்டுப் படித்து, ஐயமுள்ள இடத்தில் இன்ன எழுத்தெனத் துணிய வல்லார் அவரே. சுவடிப்பதிப்பும் கல்வெட்டும் பாடமாகக் கற்பிக்கும் துறைகள், மனுப்பதிப்பையும் ஒரு பயிற்சியாகக் கொள்ளுதல் இயலாததன்று. மாணாக்கர் தத்தம் ஊரிலுள்ள ஒரு வீட்டின் ஏடுகளைப் பட்டியல் செய்யத் தொடங்கினும் சில ஆண்டுகளில் இவ்வட்டாரத்திற்கு ஒரு தொகுதி அமையும்.

தனியொருவர் திரட்டிய தாள்கள் பெருந்தொகுதியாதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளுமே 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்ற அடிப்படையாயின. அவர் திரட்டிய காலத்தில் அவற்றுட் பல பிறர்க்குக் குப்பையாகவே தோன்றியிருக்கும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. மாற்றுத்திறனாளிகளின் கல்வி வரலாறு அருள்நிலையிலிருந்து உரிமைநிலைக்குப் பெயர்ந்த வரலாறாகும். அப்பெயர்ச்சிக்கு நேர்ச்சான்று வேண்டினோர் ஏடுகளே. அலுவலக நெறியாலும் எல்லை மாற்றத்தாலும் வெள்ளத்தாலும் முதலில் அழிவனவும் அவையே. ஆதலின் மின்படியாக்கத்தில் முதலிடம் அவற்றிற்கே உரியது. பலபடியாக அச்சான அறிக்கைகள் சில ஆண்டு பொறுத்திருக்க வல்லன. அங்ஙனம் ஆக்கும் படி, யாருடைய வரலாறோ அவர் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். யாருடைய மறைபொருளோ அவர் இசைவின்றித் திறவாததாகவும் இருத்தல் வேண்டும்.

எண்ணாயிரத்துக் கல் தொள்ளாயிரம் ஆண்டு பொறுத்திருந்து படியெடுப்போரைப் பெற்றது. தாளும் ஒலிநாடாவும் அத்துணைக் காலம் பொறா. 1990-களில் மனு எழுதிய இளைஞர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். எவ்வேடு எதற்கு எழுதப்பெற்றது என்று கேட்பின் கூறுவர். அவர்கள் கூறும் காலத்திலேயே கேட்டுப் பதிதல் நம் தலைமுறையின் கடனாகும்.